எது முதலில் வருகிறதோ

புதுக் காருடன் தரும் கையேட்டின் பின்பக்கங்களில் பராமரிப்பு அட்டவணை ஒன்று இருக்கும். பல பெட்ரோல் கார்களின் அட்டவணையில் என்ஜின் ஆயிலுக்கு நேராக "10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ" என்று போட்டிருப்பார்கள். பிரேக் ஆயிலுக்கு நேராகப் பெரும்பாலும் இரண்டாண்டு. கிலோமீட்டர் கணக்கு யாருக்கும் புரியும், ஓடினால் தேயும். ஆண்டுக் கணக்குதான் குழப்புகிறது. கார் வாரத்தில் ஐந்து நாள் வாசலில் நிற்கிறது, மீட்டர் மூவாயிரத்தைத் தாண்டவில்லை, அப்புறம் எதற்கு ஆயிலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும்? ஒர்க்ஷாப்காரர்கள் காசு பார்ப்பதற்கான ஏற்பாடு என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அந்த 'ஓராண்டு' வேதியியலிலிருந்து வந்தது. காரில் ஊற்றும் முக்கியமான திரவம் ஒவ்வொன்றும் உலோகம் கெடாமலிருக்கத் தான் கெட்டுப்போகும் வேலையைச் செய்கிறது. வெப்பம், தண்ணீர், ஆக்சிஜன், அமிலம் ஆகிய நான்கும் அதைத் தின்கின்றன. வண்டி நின்றாலும் இவற்றில் பாதி வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது. சில வேலைகள் வண்டி கொஞ்சமாக ஓடும்போதுதான் இன்னும் வேகமாக நடக்கின்றன.

என்ஜின் ஆயிலிலிருந்து தொடங்கலாம். 1883-இல் இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர்கள் கழகத்துக்காக பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளின் உராய்வை அளந்துகொண்டிருந்தார். அச்சின் அடிப்பகுதி எண்ணெய்த் தொட்டியில் முழுகியிருந்தது. மேலே வெண்கல பேரிங். எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் உச்சியில் அவர் ஒரு துளை போட்டார். அச்சைச் சுழற்றியதும் அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார். பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. மரத்தக்கையைச் செருகி அடித்தார். அதையும் எண்ணெய் தள்ளிவிட்டது. அங்கே பம்பு எதுவும் கிடையாது. சுழலும் அச்சே எண்ணெய்க்குள் அவ்வளவு அழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1886-இல், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். அச்சு சுழலும்போது தன்மேல் ஒட்டியிருக்கும் எண்ணெயைக் குறுகிக்கொண்டே போகும் இடைவெளிக்குள் இழுத்துப் போகிறது. உள்ளே போன எண்ணெய் எளிதில் வெளியேற முடியாததால் அழுத்தம் ஏறுகிறது, அந்த அழுத்தம் பாரத்தைத் தூக்கி நிறுத்துகிறது. உங்கள் காரின் கிராங்க் ஷாஃப்ட் இன்றைக்கும் இப்படித்தான் மிதக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 முறை அது சுழல்கிறது. அதற்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள எண்ணெய்ப் படலம் சில நேரம் ஒரு மைக்ரான் அளவுக்கு மெலிந்துவிடும். தலைமுடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான். அந்த ஒரு மைக்ரான் படலம் அறுந்து போகாமல் இருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. என்ஜினின் ஆயுள் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

படலம் நிலைக்க எண்ணெயின் பிசுபிசுப்பு சரியாக இருக்க வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் '5டபிள்யூ-30' என்ற குறி அதைத்தான் சொல்கிறது. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. 1911-லிருந்து இந்த வகைப்பாட்டை நடத்திவருகிறது. 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும்; அதற்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால் கடுங்குளிரிலும் எண்ணெய் இளகி ஓடும் என்று பொருள். பின்னால் உள்ள எண் 100 டிகிரி செல்சியஸில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதற்கானது. நம் ஊரில் கடுங்குளிர் கிடையாது என்பதால் முதல் எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல. சென்னையின் அதிகாலை 25 டிகிரிகூட 100 டிகிரியில் ஓடிய என்ஜினுக்குக் குளிர்தான். இரவெல்லாம் நின்ற வண்டியில் எண்ணெய் கீழே வடிந்திருக்கும். சாவி போட்ட முதல் சில நொடிகளில் படலம் இன்னும் உருவாகியிருக்காது. அப்போது உலோகத்தைக் காப்பவை எண்ணெயில் கலந்திருக்கும் துத்தநாகச் சேர்மங்கள். தேயும் பரப்பின்மேல் அவை மெல்லிய காப்புப் பூச்சாகப் படிகின்றன. ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்ஸிலரேட்டரை மிதித்து என்ஜினை உறுமவிடக் கூடாது என்று பழைய டிரைவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

இந்தச் சேர்மங்கள் செலவாகிக்கொண்டே வரும் சரக்கு. கரியைத் துகள் துகளாகப் பிரித்து மிதக்கவிடும் பொருள்களும், எரிதலில் உருவாகும் அமிலத்தை முறிக்கும் காரப் பொருள்களும் அப்படித்தான். டீசல் கார்களில் புதிதாக ஊற்றிய ஆயில் சில நாளிலேயே கன்னங்கரேலென்று ஆகிவிடுவதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. கரியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு ஆயில் தன் வேலையைச் செய்கிறது. நிறத்தை வைத்து ஆயிலின் தரத்தை முடிவு செய்ய முடியாது.

குறைவாக ஓடும் காருக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் தண்ணீர் இது. பெரும்பகுதி நீராவியாகச் சைலென்சர் வழியே போய்விடும். ஒரு சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். எரியாத பெட்ரோலும் கொஞ்சம் கூடவே இறங்கும். வண்டி நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடினால் ஆயில் நன்றாகச் சூடேறி இந்தத் தண்ணீரையும் பெட்ரோலையும் ஆவியாக்கி வெளியேற்றிவிடும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து காய்கறிக் கடை, திரும்ப வீடு என்று இரண்டு இரண்டு கிலோமீட்டராக ஓடும் வண்டியில் ஆயில் அந்தச் சூட்டை எட்டுவதேயில்லை. தண்ணீர் தங்குகிறது, அமிலம் சேர்கிறது, கசடு படிகிறது. அதனால்தான் ஓராண்டில் மூவாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடிய ஆயில், நெடுஞ்சாலையில் பத்தாயிரம் ஓடிய ஆயிலைவிட மோசமான நிலையில் இருக்கக்கூடும். ஆண்டுக் கணக்கைப் போட்டவர்கள் இந்த வண்டியை நினைத்துத்தான் போட்டார்கள்.

ஆயில் அளவைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. மேடு பள்ளம் இல்லாத இடத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஆயில் கீழே வடியச் சில நிமிடம் விட வேண்டும். டிப்ஸ்டிக்கை உருவித் துணியால் துடைத்து, முழுதாகச் செருகி மறுபடி எடுத்தால் இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் நிற்க வேண்டும். குறைவு ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல். சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் இடித்து அதை நுரையாக்கிவிடும், நுரையால் படலம் கட்ட முடியாது. குச்சியில் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்து, கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால் உள்ளே கேஸ்கெட் பிய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ ஊற்றவே கூடாது. அதில் கன உலோகங்களும் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்களும் இருக்கின்றன. மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

என்ஜினுக்குள் எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டுகிறது. அதைச் சூழ்ந்திருக்கும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். இந்த முரண்பாட்டைச் சமாளிப்பது கூலன்ட். தண்ணீரில் எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தைச் சரிபாதி கலந்து, அரிப்புத் தடுப்பான்களைச் சேர்த்தால் கூலன்ட். பனி நாடுகளில் தண்ணீர் உறைந்து என்ஜினை வெடிக்கவிடாமல் தடுக்க வந்த சரக்கு இது. பாதிக்குப் பாதி கலவை பூஜ்யத்துக்குக் கீழே 37 டிகிரி வரை உறையாது. ஊட்டியில் சில ஜனவரி இரவுகளைத் தவிர நம் பக்கம் அந்தக் கவலை இல்லை. அப்படியானால் குழாய்த் தண்ணீர் போதாதா?

வெப்பத்தைச் சுமக்கும் திறனை மட்டும் பார்த்தால் தண்ணீரே மேல். கிளைக்கால் கலப்பதால் அந்தத் திறன் உண்மையில் குறைகிறது. ஆனாலும் கூலன்ட் ஊற்றச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். கலவை தண்ணீரைவிடச் சற்று அதிக வெப்பத்தில் கொதிக்கிறது. ரேடியேட்டர் மூடி உள்ளே தேக்கும் அழுத்தமும் சேர்ந்துகொள்வதால் கொதிநிலை 125 டிகிரிக்கு மேல் போய்விடுகிறது. மே மாத மத்தியானத்தில் ஏ.சி. போட்டுக்கொண்டு நெரிசலில் ஊர்ந்துபோகும் காருக்கு அந்த 25 டிகிரி பெரிய தயவு.

அதைவிட முக்கியமான காரணம் அரிப்பு. என்ஜினில் அலுமினியம், வார்ப்பிரும்பு, எஃகு எனப் பல உலோகங்கள் ஒரே திரவத்தில் நனைந்திருக்கின்றன. உப்பு கரைந்த தண்ணீரில் இரண்டு வேறு உலோகங்கள் இணைந்து நின்றால் அது மின்கலம் ஆகிவிடும். ஒரு உலோகம் மெல்லக் கரையும். நம் ஊர் போர்வெல் தண்ணீரில் உப்புக்குக் குறைவே இல்லை. கால்சியமும் மெக்னீசியமும் வேறு ஏராளம். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகக் காரை கட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் அதே காரைதான் படிகிறது. சுண்ணாம்புக் காரை வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். ஆகவே அவசரத்துக்கு வழியில் தண்ணீர் ஊற்றினாலும் ஊர் போய்ச் சேர்ந்ததும் அதை வடித்துவிட்டு, காய்ச்சி வடித்த தண்ணீர் கலந்த கூலன்டை நிரப்புவது நல்லது. கிளைக்கால் நெடுநாள் கெடாமல் இருக்கும். அரிப்புத் தடுப்பான்கள்தான் தீர்ந்துபோகின்றன. பழைய சிலிகேட் வகை ஏறக்குறைய இரண்டு ஆண்டு, கரிம அமில வகை ஐந்து ஆண்டுவரை தாங்கும். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு என்று நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நிறத்துக்குப் பொது விதி எதுவும் கிடையாது. கையேட்டில் சொல்லியிருக்கும் வகை எது என்று பாருங்கள்.

சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே என்ற எச்சரிக்கையை எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதன் கணக்கைப் போட்டுப் பார்த்தால் எச்சரிக்கை மனத்தில் தங்கும். உள்ளே 120 டிகிரியில் 5 லிட்டர் தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூடியைத் திருகியதும் அழுத்தம் போய்விடுகிறது. தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் திரவமாக இருக்க முடியாது. மிச்சமிருக்கும் 20 டிகிரி வெப்பமும் அந்தக் கணத்திலேயே தண்ணீரை ஆவியாக்குகிறது. ஏறக்குறைய 185 கிராம் தண்ணீர் ஆவியாகும். கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் அது 300 லிட்டர் நீராவி. அவ்வளவும் ஒரு சிறிய வாய் வழியே, மீதிக் கொதிநீரையும் அள்ளிக்கொண்டு முகத்துக்கு நேராக வருகிறது. வெப்பமானி முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுவேகத்தில் வையுங்கள். உள்ளே வேகும்தான், ஆனால் ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு சின்ன ரேடியேட்டரே. ஓரமாக நிறுத்தி, கையால் தொடும்படி ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள்.

கூலன்ட் தரையில் சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கிக் குடித்துவிடும். உடலுக்குள் போனதும் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகங்களாகப் படிந்து கொன்றுவிடுகிறது. குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. மீந்த கூலன்டை ஒருபோதும் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கக் கூடாது.

இந்தத் திரவங்களில் மிக அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவது பிரேக் ஆயில். இதை ஆயில் என்று அழைத்தாலும் இதில் எண்ணெய் கிடையாது. பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கால் ஈதர் என்ற வேதிப்பொருள். தெரியாமல் என்ஜின் ஆயிலை இதில் ஊற்றிவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிப்போய் பிரேக் முழுவதையும் பிரித்து மாற்ற வேண்டிவரும்.

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதிதான் பிரேக்கின் அடிப்படை. மால்கம் லாக்ஹீட் என்ற அமெரிக்கர் இதைக் காருக்குக் கொண்டுவந்தார். 1921-இல் வந்த டியூசன்பர்க் மாடல் ஏ காரில் நான்கு சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக் பிரேக் இருந்தது. இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே நிபந்தனையில் நிற்கிறது: குழாய்க்குள் இருப்பது நசுங்காத திரவமாக இருக்க வேண்டும். ஒரு குமிழி ஆவி இருந்தாலும் மிதிக்கும் விசை அதை நசுக்குவதிலேயே வீணாகிவிடும்.

ஆவி எங்கிருந்து வருகிறது? கிளைக்கால் ஈதர் தண்ணீரை உறிஞ்சும். மூடியின் காற்றுத் துளை வழியாகவும், ரப்பர் குழாய்களின் சுவரை ஊடுருவியும் காற்றிலுள்ள ஈரம் மெல்ல உள்ளே வந்துகொண்டேயிருக்கிறது. கார் ஓடினாலும் நின்றாலும் வரும். டாட் 4 என்ற பிரேக் ஆயில் வகை புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரக் கட்டுப்பாடு. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு எதிர்பார்க்கும் குறைந்தபட்சம் 155 டிகிரிதான். டாட் 3-இல் இந்த இறக்கம் 205-லிருந்து 140-க்கு. இவ்வளவு சின்ன அளவு தண்ணீர் 65, 75 டிகிரியைத் தின்றுவிடுகிறது.

தண்ணீரை உறிஞ்சாத திரவத்தைப் போட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். சிலிகோன் வகையான டாட் 5 அப்படிப்பட்டது. ஆனால் எப்படியோ உள்ளே வந்துவிடும் ஈரம் அதில் கரையாமல் துளியாகத் தங்கி, தாழ்வான இடமான காலிப்பரில், அதாவது சக்கரத்தருகே பிரேக் பேடை அழுத்தும் பகுதியில், போய்ச் சேரும். அங்கே இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், 100 டிகிரியிலேயே கொதிக்கும். உறிஞ்சிக் கரைத்துப் பரப்பிக்கொள்வது கிளைக்கால் ஈதரின் நல்ல குணம். அந்தக் குணத்துக்கு நாம் கொடுக்கும் விலை, இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது.

மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பது மலை இறங்கும்போது தெரியும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறக்குறைய 1.2 கோடி ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். 40 லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அது. நியூட்ரலில் போட்டுப் பெட்ரோல் மிச்சப்படுத்துகிறேன் என்று இறங்கினால் காற்றுத்தடையும் டயரும் எடுத்துக்கொள்வது போக மீதி அத்தனையும் பிரேக் டிஸ்க்கில் இறங்குகிறது. டிஸ்க்கிலிருந்து பேட், பேடிலிருந்து காலிப்பர், காலிப்பரிலிருந்து உள்ளே இருக்கும் திரவம். மிதித்துக்கொண்டிருக்கும்வரை அழுத்தம் கொதிநிலையை உயர்த்திப் பிடித்திருக்கும். காலை எடுத்ததும் அழுத்தம் போகிறது, தேங்கிய வெப்பத்தில் தண்ணீர் கொதிக்கிறது. கொதித்த தண்ணீரின் பருமன் சாதாரண அழுத்தத்தில் 1,600 மடங்குக்கு மேல் பெருகும். அடுத்த வளைவில் மிதித்தால் பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரைவரை போய்விடும். மலைப்பாதையில் வியூ பாயின்ட்டில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுக் கிளம்பும்போதுகூட இது நடக்கலாம், ஏனென்றால் நின்ற வண்டியில் காற்று வீச்சு இல்லாமல் டிஸ்க்கின் சூடு திரவத்துக்குள் ஊறுகிறது.

பெடல் கட்டையாக இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் பேடு அதிகச் சூடாகிப் பிடிப்பு இழந்திருக்கிறது. பெடல் பஞ்சாகி அமுங்கினால் திரவம் கொதித்திருக்கிறது. இரண்டாவது நேர்ந்தால் பெடலை வேகமாக விட்டு விட்டு மிதித்து, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, கம்பியால் இயங்கும் கை பிரேக்கை மெதுவாக இழுக்க வேண்டும். அந்த நிலை வராமல் தடுக்க ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று மலை ஊர் டிரைவர்கள் சொல்வார்கள். அப்போது ஆற்றலின் பெரும்பங்கை என்ஜின் எடுத்துக்கொள்ளும்.

பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பிவிடாதீர்கள். பேடு தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் வெளியே நகர்ந்து, அந்த இடத்தை நிரப்பத் திரவம் கீழே இறங்கும். மெல்லக் குறைந்தால் பேடு தேய்ந்திருக்கிறது. சட்டென்று குறைந்தால் எங்கோ கசிகிறது. மேலே ஊற்றினால் இரண்டு அறிகுறியும் மறைந்துவிடும். பவர் ஸ்டியரிங் பல புதுக் கார்களில் மின்மோட்டாருக்கு மாறிவிட்டது, அங்கே பார்க்கத் திரவமே இல்லை. வைப்பர் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தால் போதும்.

திரவங்களுக்காவது அட்டவணையில் தேதி போட்டிருக்கிறார்கள். விளக்குகளுக்கு அதுவும் கிடையாது. எரியாத பல்பு கண்ணில் பட்டுவிடும்; மங்கிப்போன விளக்கு படாது. கண் அதற்குப் பழகிக்கொள்ளும்.

ஹாலஜன் பல்பில் டங்ஸ்டன் இழை கிட்டத்தட்ட தன் உருகுநிலையை நோக்கிச் சூடேறி ஒளிர்கிறது; டங்ஸ்டன் 3,422 டிகிரியில் உருகும். ஆவியாகும் டங்ஸ்டனை உள்ளே இருக்கும் ஹாலஜன் வாயு பிடித்து இழையிடமே திருப்பிக் கொண்டு சேர்ப்பதால் கண்ணாடி கறுப்பதில்லை. கார்களுக்கான முதல் ஹாலஜன் பல்பு, எச்1, 1962-இல் ஐரோப்பாவில் வந்தது. பிரைட், டிம் இரண்டுக்கும் இரண்டு இழைகள் கொண்ட எச்4 1971-இல் வந்தது. நம் சாலைகளில் இன்னும் ஏராளமாக ஓடுவது அதுதான். இந்தப் பல்பின் கண்ணாடியைக் கைவிரலால் தொடக் கூடாது. வியர்வை உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்தச் சூட்டில் கண்ணாடியைக் கெடுத்து வெடிக்க வைக்கும்.

இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தைக் கண்மூடித்தனமாகப் பின்தொடர்கிறது. மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் ஒளி ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். பழைய கார்களில் ஹெட்லைட் மங்குவதற்குப் பல நேரம் காரணம் பல்பு அல்ல; துருப்பிடித்த எர்த் இணைப்பும், பச்சை பூத்த கனெக்டரும் அந்த ஒரு வோல்ட்டைத் தின்றிருக்கும். இது தெரியாமல் 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 போடுகிறார்கள். மின்னோட்டம் 5 ஆம்பியரிலிருந்து 8.3-க்கு ஏறுகிறது. கம்பியில் எழும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கேற்ப, ஏறக்குறைய 2.8 மடங்காகிறது. ஹோல்டர் உருகிக் கிடக்கும் கார்களை எந்த எலக்ட்ரீஷியனும் காட்டுவார். முதலில் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள்.

வெளிக்கூடு மஞ்சளாவது இன்னொரு காரணம். அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேலே பூசியிருக்கும் காப்புப் பூச்சு வெயிலில் தேய்ந்தபின் புற ஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கைச் சிதைக்கின்றன. பற்பசை போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆவது உண்மை. புதுக் காப்புப் பூச்சு போடாவிட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகிவிடும் என்பதும் உண்மை.

ஒளி எவ்வளவு என்பதைவிட எங்கே விழுகிறது என்பது முக்கியம். எச்4 பல்பில் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கிறது. அது கீழ்நோக்கிய ஒளியைத் தடுத்து, பிரதிபலிப்பானின் மேற்பாதிக்கு மட்டும் ஒளியை அனுப்புகிறது. மேற்பாதியில் பட்ட ஒளி கீழே சாலைக்குத் திரும்புகிறது. இந்த ஏற்பாடு இழையின் இடம் மில்லிமீட்டர் பிசகாமல் இருந்தால்தான் வேலை செய்யும். ஹாலஜன் கூட்டுக்குள் மலிவான எல்.இ.டி. பல்பைச் செருகினால் ஒளிரும் சில்லு அதே இடத்தில் அமைவதில்லை. ஓட்டுபவருக்கு முன்னால் வெள்ளையாகப் பளபளக்கும். எதிரே வருபவர் கண்ணில் சிதறிக் குத்தும். எல்.இ.டி.க்கென்றே வடிவமைத்த விளக்கு வேறு, இது வேறு. நான் இந்தப் பழக்கத்தை முழுதாக எதிர்க்கிறேன். இருவழிச் சாலையில் எதிரே வருபவரைக் குருடாக்கிவிட்டு நாம் மட்டும் பத்திரமாகப் போக முடியாது.

ஹெட்லைட் கோணத்தை நீங்களே பார்க்கலாம். சமதளத்தில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போடுங்கள். ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்தைவிட ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் தாழ்வாக இருக்க வேண்டும், அதாவது ஒரு சதவீத இறக்கம். 65 சென்டிமீட்டர் உயரத்தில் விளக்கு இருந்தால் அந்த ஒளி 65 மீட்டரில் தரையைத் தொடும். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து, டிக்கியில் சாமான் ஏறி, காரின் மூக்கு ஒரே ஒரு டிகிரி தூக்கிக்கொண்டால் அந்த இறக்கம் ஏற்றமாகிவிடும். ஒளி தரையைத் தொடுவதே இல்லை. பல கார்களில் ஸ்டியரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண்கள் போட்ட சின்னச் சக்கரம் இருப்பது இதற்காகத்தான். பாரம் ஏற ஏற எண்ணைக் கூட்ட வேண்டும்.

அந்த 65 மீட்டரை இன்னொரு எண்ணோடு சேர்த்துப் பாருங்கள். காய்ந்த சாலையில், ஒரு நொடியில் சுதாரித்து நல்ல பிரேக்கை அழுத்தினால், 80 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க 57 மீட்டர் வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்தில் 83 மீட்டர். டிம் வெளிச்சத்தில் நூறில் போகிறவர் தன் விளக்கு காட்டாத இடத்தில்தான் போய் நிற்பார்.

பின்விளக்குகள் நமக்குத் தெரிவதே இல்லை, அவை பிறருக்காக எரிகின்றன. இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக டிக் டிக் என்று அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போய்விட்டது என்று பொருள். பின்னால் உள்ள பல பல்புகளில் 5 வாட், 21 வாட் என இரண்டு இழைகள்: ஒன்று இரவு விளக்கு, மற்றது பிரேக் விளக்கு. எர்த் போய்விட்டால் மின்சாரம் வேறு இழை வழியே சுற்றித் திரும்பப் பார்க்கும். பிரேக் அழுத்தினால் இண்டிகேட்டர் மங்கலாக எரிவது போன்ற விநோதங்களுக்கு இதுவே மூலம். பல்பை மாற்றிப் பயனில்லை, எர்த்தைப் பார்க்க வேண்டும்.

பின்னால் வருபவருக்கு உங்கள் பிரேக் விளக்கு மட்டுமே செய்தி சொல்கிறது. அதைச் சோதிக்க ஒர்க்ஷாப் தேவையில்லை. இன்றிரவு வண்டியை உள்ளே விடும்போது பின்பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்தி, பிரேக்கை ஒருமுறை அழுத்திக் கண்ணாடியில் பாருங்கள். இரண்டு பக்கமும் சிவப்பு விழ வேண்டும். ஒரு பக்கம் விழாவிட்டால், பல்பையோ எர்த்தையோ சரிசெய்துவிட்டு அதன்பிறகு வண்டியைச் சாலையில் எடுங்கள்.